மச்சானின் ஏழரையும் என் அத்தி மரமும்

என் கையால் செத்த செடிகொடிகளை எல்லாம் ஒரே இடத்தில் குவித்தால், ஒரு சின்னக் காட்டை அழித்த குற்றத்துக்கு வனத்துறை என்னை உள்ளே வைக்கலாம். மல்லிகை செத்தது. கொய்யா செத்தது. கறிவேப்பிலை மூன்று தடவை செத்தது. கற்றாழைகூடச் செத்தது. கற்றாழையைக் கொல்வது அத்தனை சுலபமில்லை. அதற்குப் பாசம் வேண்டும். நான் அதற்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன்.

தொண்ணூற்றாறாம் வருஷம் வீடு கட்டினோம். அப்போது தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். கட்டினோம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். இடம் என் மனைவிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. ஆள் வைத்து வேலை வாங்கியது அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான். நான் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்து கொத்தனாருக்கு ஆலோசனை சொன்னேன். அந்தக் கொத்தனார் நல்ல மனுஷர், கடைசிவரைக்கும் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் வீடு இன்னும் நிற்கிறது.

வீடு இருப்பது சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம் போகிற வழியில், ஊருக்குக் கொஞ்சம் வெளியே. பின்பக்கம் கொஞ்சம் காலி இடம், ஒரு கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் மச்சானின் திராட்சைப் பந்தல். மேற்குச் சுவர் சாயங்காலம் தோசைக்கல் மாதிரி காயும். கிரகப்பிரவேசத்தன்று மச்சான் சாப்பிட்ட கையோடு அந்தக் காலி இடத்தில் நின்று பார்த்துவிட்டு, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“மாப்ள, இங்கன ஒரு மரம் நின்டா வீடே குளுந்துரும். ஆனா நீங்க வச்சிராதீக.”

“ஏன் மச்சான்?”

“மரம் பாவம்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது என் மனைவி. அன்றைக்கே முடிவு செய்தேன், செத்தாலும் ஒரு மரம் வளர்த்துக் காட்டிவிட்டுத்தான் சாவது என்று. அதுவும் சீக்கிரம் வளர வேண்டும். மாமரம் வைத்துவிட்டு அது காய்க்கிற வரைக்கும் மச்சானின் கேலியைத் தாங்க என் உடம்பில் தெம்பு இல்லை.

அந்தச் சமயம் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் நாட்டு மரங்களைப் பற்றி அரைப் பக்கம் படித்தேன். அரைப் பக்கம் படித்தவனைப்போல ஆபத்தானவன் கிடையாது. முழுதாகப் படித்தவனுக்காவது சந்தேகம் வரும். மறுநாளிலிருந்து ஆபீஸில் டீ குடிக்கிற நேரமெல்லாம் என் பிரசங்கம்தான். வெளிநாட்டு மரத்தில் குருவிகூட உட்காராது, நாட்டு மரம் ஒன்று வைத்தால் நூறு உயிருக்குச் சோறு போட்ட புண்ணியம் என்றெல்லாம் பேசுவேன். நான் வருவதைப் பார்த்தால் டீக்கடையில் ஆட்கள் கிளாஸோடு எழுந்து வெளியே போனார்கள்.

மரமும் தேடாமலே கிடைத்தது. ஆபீஸ் போகிற வழியில் வாய்க்கால் மதகுச் சுவரின் வெடிப்பில், ஏதோ பறவை எச்சமிட்டு முளைத்த அத்திக் கன்று ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. ஸ்கூட்டரில் இருந்த திருப்புளியை வைத்து நோண்டி, வேர் பாதி அறுந்துபோக, டிபன் பையில் போட்டுக் கொண்டுவந்தேன். நம் மண்ணின் மரம், சீக்கிரம் வளரும், பழம் பழமாகக் காய்க்கும், பேப்பர்க்காரன் சொன்ன அத்தனை லட்சணமும் பொருந்தியிருந்தது. பின்பக்கம் நான் நட்ட இடத்துக்கு ஒரே ஒரு காரணம்தான். குளியலறைத் தண்ணீர் வந்து விழுகிற இடத்தில் மட்டும்தான் மண் இளக்கமாக இருந்தது, மற்ற இடத்தில் மண்வெட்டி இறங்கவில்லை.

கன்று சாகவில்லை. நான் அசந்துபோனேன். இரண்டு மழைக்குள் என் இடுப்புக்கு வந்தது. அடுத்த கோடையில் ஜன்னலைத் தாண்டியது. அப்புறம் மொட்டை மாடியை எட்டிப் பார்த்தது. வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் முதலில் பின்பக்கம் கூட்டிப்போய் மரத்தைக் காட்டிவிட்டுத்தான் உட்காரச் சொல்வேன்.

“மரத்துக்கிட்ட பேசணும். தினமும் பேசுனா அது வளரும்” என்பேன்.

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வரும்: “அவுக பேசுறதக் கேட்டு எதுவும் வளராது. நாலு பேரு குளிச்ச தண்ணியும் துணி அலசுன தண்ணியும் குடிச்சு வளருது.”

யார் குடிக்க வைத்தால் என்ன? என் வாழ்க்கையில் நான் தொட்டு உருப்பட்டது அந்த ஒன்றுதான். ஆபீஸில் பிரமோஷன் தள்ளிப்போனது, எழுதிய பரீட்சைகள் என்னைத் தள்ளிவிட்டன, இருசக்கர வாகனத்தில்கூட நான் இன்னும் ஸ்கூட்டரில்தான் இருந்தேன். அத்தி மட்டும் மேலே மேலே போனது. சாயங்காலம் அதன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், சுவரும் குளிர்ந்தது, நானும் கொஞ்சம் ஆள் மாதிரித் தெரிந்தேன்.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் காய்க்க ஆரம்பித்தது. அத்தி கிளை நுனியில் காய்க்கிற நாகரிகமான மரம் இல்லை. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாக, வேர்க்குரு மாதிரி காய்த்துத் தள்ளும். பழுத்துச் சிவந்ததும் பேப்பரில் போட்டிருந்த நூறு உயிர்களும் வந்து இறங்கின. காக்கா, மைனா, குயில், பச்சைப்புறா, குக்குறுவான், அணில், இருட்டினால் வௌவால். அரைப் பக்கத்தில் பறவைகளின் படம் போடவில்லை என்பதால், பெயர் தெரியாததை எல்லாம் நான் குக்குறுவான் என்றே அறிமுகப்படுத்தினேன். ஒரு தடவை பெண்குயில் ஒன்றைக் காட்டி அதன் குணநலன்களைப் பத்து நிமிஷம் விளக்கினேன், குக்குறுவான் என்ற பெயரில்.

நூறு உயிருக்குச் சோறு போடுவதைப் பற்றி எழுதிய ஆள், அந்த நூறும் அப்புறம் என்ன செய்யும் என்பதை எழுதவில்லை. என் ஸ்கூட்டர் சீட்டு தினமும் புதுக்கோலத்தில் இருந்தது. கொடியில் காய்ந்த வெள்ளை வேஷ்டியில் வௌவால் ஊதாப் புள்ளி வைத்தது. கீழே விழுந்த பழத்தில் ஈ மொய்த்தது. மாடிக் கைப்பிடிச் சுவர் வெடிப்பில் அத்திக் கன்று முளைத்தது. என் மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“ஒங்க பேரப்பிள்ள” என்றாள்.

இதெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கத்துச் சமாச்சாரம். அந்தப் பக்கம் மச்சானின் பன்னீர்த் திராட்சை பழுக்கத் தொடங்கியிருந்தது. என் மரத்தில் டிபன் முடித்த கூட்டம், கை கழுவாமல் அப்படியே அவருடைய பந்தலுக்குள் இறங்கியது. பழத்தில் ஆளுக்கு ஒரு கொத்து. குமுளியிலிருந்து வந்த வியாபாரி கொத்திய குலைகளைத் தூக்கிப் பார்த்து, “எந்தா சேட்டா இது?” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மச்சான் பந்தல் முழுக்க பழைய வீடியோ கேசட் நாடாவை இழுத்துக் கட்டினார். காற்றில் அது மினுமினுத்தது. குக்குறுவான்கள் நாடாவிலேயே உட்கார்ந்து தின்றன. தகரம் தட்டினார். வெடி போட்டார். கடைசியாக, டிரான்ஸ்பார்மரில் அடிபட்டுச் செத்த காக்கா ஒன்று கிடைக்க, அதைத் தலைகீழாகக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டார். என் மரத்துக் காக்காய்கள் அவ்வளவும் அன்று பகல் பூராவும் அந்தக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, அவரைப் பார்த்துப் பார்த்துக் கத்தின. அடுத்த நாளிலிருந்து ஒரு காக்காகூட வேலியைத் தாண்டவில்லை. மைனாவும் குயிலும் வழக்கம்போலப் போய்வந்தன. காக்கா அவர் திராட்சையைத் தின்று நான் பார்த்ததே இல்லை. மொத்தக் கூட்டத்தில் நிரபராதியாகப் பார்த்துத் தண்டித்திருந்தார். எங்கள் ஆபீஸிலும் அப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் பஞ்சாயத்து நடந்தது.

“மாப்ள, மரத்த எடுத்துருவோம்.”

“மச்சான், இது நாட்டு மரம்...”

“ஏன், எந் திராட்ச என்ன அமெரிக்காவா? அதுவும் இங்கனதேன மொளைக்குது. ஒங்க மரம் ஓட்டலு, எந் தோட்டம் பீடாக் கட. தின்டுட்டு நேரா இங்கன வருதுக.”

என் மனைவி குறுக்கே வந்தாள். “அண்ணே, இடம் என்னோடது.”

“ஒன்னோடதுதேன் ஆத்தா. நாங் குடுத்த இடந்தேன. குருவிக்குச் சோறு போடுறதுன்டா ஒம் புருசன் சம்பளத்துல போடச் சொல்லு, எந் தோட்டத்துல போடாதீக.”

அடுத்த கவாத்துக்கு, அதாவது திராட்சைக் கொடியைக் கழிக்க ஆள் வரும்போது, அந்த ஆட்களை வைத்தே மரத்தையும் வெட்டிவிடுவது என்று முடிவானது. அன்று சாயங்காலம் நான் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதனிடம் ரொம்ப நேரம் பேசினேன். அது என் தோளில் ஒரு பழத்தைப் போட்டது.

இந்த இடத்தில்தான் சனி பகவான் உள்ளே வருகிறார்.

மச்சானுக்குக் கடக ராசி. அந்த வருஷம் அவருக்கு ஏழரை பிறந்தது. பிறந்த ஜோரில் போர்வெல் மோட்டார் புகைந்தது, வண்டியிலிருந்து விழுந்து முழங்கை வீங்கியது. சின்னமனூர் ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போடச் சொன்னார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சனிக்கிழமைதோறும் எள் சாதம் உருட்டிக் காக்காவுக்கு வைக்க வேண்டும், காக்கா தின்ற பிறகுதான் இவர் வாயில் பச்சைத் தண்ணீர் படலாம் என்றும் சொல்லிவிட்டார்.

முதல் சனிக்கிழமை மச்சான் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, தோட்டத்து வீட்டு மாடிச் சுவரில் இலை போட்டு உருண்டையை வைத்துவிட்டு, “கா... கா... கா...” என்றார். குரல் ஊருக்குள் வரைக்கும் கேட்டது. என் அத்தி மரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த காக்காய்கள் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தன. ஒன்றும் நகரவில்லை. காலை டிபன் நேரம் போனது. பதினோரு மணி டீ போனது. வெயில் உச்சிக்கு வந்தது. ஒரு நாளைக்கு மூன்று வேளையும் நடுவில் இரண்டு வேளையும் சாப்பிடுகிற ஆள் அவர். “கா” என்பதில் இருந்த கம்பீரம் குறைந்து குறைந்து, மத்தியானத்துக்கு மேல் அது அழுகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

நான் அத்தி நிழலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது அப்படி அமைந்துவிட்டது, வேண்டுமென்று செய்ததில்லை. நாற்காலியை மட்டும் அவர் கண்ணில் படுகிற மாதிரி கொஞ்சம் நகர்த்திப் போட்டேன்.

கடைசியில் இலையோடு வேலிக்கு வந்தார்.

“மாப்ள, ஒங்க காக்கா என்ன, எந் திசைக்கே திரும்ப மாட்டேங்குது?”

“மச்சான், அவுக வீட்ல ஒரு சாவு நடந்துச்சுல்ல. மாலையோட வராம நீங்க பொணத்தக் கட்டித் தொங்கவிட்டீக. கோவம் இருக்கத்தான செய்யும்.”

“பசியில நிக்கிறேன், வெளையாடாதீக மாப்ள.”

வேலியைத் தாண்டி வந்து மரத்தடியில் அவரே இலையை வைத்தார். அத்தனை காக்காயும் எழும்பி, அவர் தலைக்கு மேல் வட்டம் போட்டுக் கத்தின. ஒன்று தலையில் தட்டிவிட்டே போனது. முகத்தைக் குறித்து வைத்திருக்கின்றன என்று தெரிந்தது. மச்சான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு என் வீட்டுச் சமையலறைக்குள் ஓடிவந்துவிட்டார். நான் போய் அந்த இலையை எடுத்து அதே இடத்தில் அப்படியே திரும்ப வைத்தேன். மூச்சுவிடுகிற நேரம்தான். ஒன்று இறங்கி உருண்டையைக் கொத்தியது. உள்ளே மச்சான் நின்றபடியே அள்ளிச் சாப்பிட்ட சத்தம் எனக்குத் தோட்டம் வரைக்கும் கேட்டது.

அப்போதிலிருந்து சனிக்கிழமைகளில் நான் பெரிய ஆள். சனி பகவானுக்கும் மச்சானுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற கிளார்க். ஆபீஸ் புத்தி எங்கே போகும்? அவர் எட்டு மணிக்கு இலையோடு வந்து நிற்பார். நான் பல் விளக்கப் போவேன். பேப்பர் படிப்பேன். ஷேவ் செய்வேன். “கொஞ்சம் உக்காருங்க மச்சான், காக்கா இன்னும் டூட்டிக்கு வரல” என்பேன். என் மனைவிதான் தாங்காமல், “ஏங்க, எங்கண்ணன் மொகம் கறுத்துப்போச்சு, போயி வச்சிட்டு வாங்க” என்று விரட்டுவாள்.

இந்தத் தெம்பில், மரம் தப்பித்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை மெதுவாகப் பேச்சை எடுத்தேன். மச்சான் வாயில் இட்லியோடு சொன்னார்:

“மரம் வேற, காக்கா வேற மாப்ள. மரத்த வெட்டுனா காக்கா கரண்டு போஸ்ட் மரத்துல ஒக்காரும். நீங்க அங்கன போயி வைங்க.”

சொன்னபடியே கவாத்துக்கு ஆள் வந்தது. மூன்று பேர், கத்தரியோடு ஒரு கோடாலி, ஒரு வடக்கயிறு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன், அப்புறம் டீ கொடுத்தேன், இன்னொரு டீயும் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் நடத்திய ஒரே போராட்டம் அந்த மூன்றாவது ரவுண்டு முறுக்குதான். மச்சான் வந்து, “ஏலே, கலியாண வீட்டுக்கா வந்தீக? ஏறுங்கடா” என்றதும் ஒருத்தர் கயிற்றோடு மேலே ஏறினார். என் மனைவி பின்கதவில் கை கட்டி நின்றாள். நான் ஸ்கூட்டரைத் துடைக்கத் தொடங்கினேன். எதையாவது துடைக்க வேண்டியிருந்தது.

மேலேயிருந்து குரல் வந்தது: “அண்ணே, காக்காக் கூடு ஒன்டு இருக்கு. உள்ள குஞ்சு கெடக்கு. தட்டிவிடவா?”

மச்சான் நின்ற இடத்தில் நின்றுவிட்டார். ஏழரையின் தொடக்கம், சனியின் வாகனம், அதன் பச்சைக் குஞ்சு, கீழே கோடாலியோடு இவர். கணக்கு அவருக்குள் ஓடுவது முகத்தில் தெரிந்தது.

“மாப்ள, நீங்க போயி நல்லாப் பாருங்க. காக்கா குஞ்சுதேனா?”

மாடிக்கு ஓடினேன். கைப்பிடிச் சுவரிலிருந்து கூடு நன்றாகவே தெரிந்தது. கறுப்பாக ஒன்று சிவந்த வாயைத் திறந்துகொண்டு இருந்தது. காக்கா ஒன்று வந்து எதையோ அதன் தொண்டைக்குள் திணித்துவிட்டுப் போனது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? மரங்களையும் பறவைகளையும் பற்றி அரைப் பக்கம் படித்த அதிகாரத்தோடு மேலேயிருந்து அறிவித்தேன்:

“சுத்தமான காக்கா குஞ்சு மச்சான்! நேரடி வாகனம். இன்னும் நம்பர் பிளேட்டுதான் மாட்டல.”

மச்சான் துண்டை இடுப்பில் கட்டினார். குச்சனூர் இருக்கிற திசைக்குத் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அப்பனே, தெரியாம வந்துட்டேன். ஏழரை முடியிற மட்டும் இந்த மரத்துல கை வைக்க மாட்டேன்” என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னார். ஆட்கள் இறங்கிப் பந்தலுக்குப் போய்விட்டார்கள். என் மனைவி மீதி முறுக்கை எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள்.

சில வாரம் கழித்து அந்தக் குஞ்சு கூட்டை விட்டு வெளியே வந்து, மச்சானின் பந்தல் கல்தூணிலேயே உட்கார்ந்தது. தாய்க் காக்கா வேலிக்கு இந்தப் பக்கமே நின்று கத்தியது. மச்சான் பயபக்தியோடு கீழே நின்று பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“மாப்ள, காக்காவுக்கு றெக்கையில வெள்ளப் புள்ளி இருக்குமா?”

“சின்னதுல இருக்கும் மச்சான். வளர வளர மறைஞ்சிரும்.” உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிப் பார்த்தாள். “அது குயில் குஞ்சு. காக்காக் கூட்டுல குயிலு முட்டையிடும்ன்டு ஒன்டாப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆபீஸருக்கும் தெரியல, வெள்ளாம பாக்குற சம்சாரிக்கும் தெரியல.”

மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பகவான் வாகனம் மச்சானின் திராட்சை ஒன்றைக் கொத்தி, கழுத்தை மேலே தூக்கி விழுங்கியது.

மச்சான் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. “எந் தோட்டத்துல திருடுறதுக்கு, எள்ளுச் சோறு போட்டு நானே ஆள வளத்துருக்கேன்” என்றார். ஆனால் குச்சனூர் பக்கம் பார்த்துச் சொன்னது சொன்னதுதான். குயிலென்று சொல்லி சனியிடம் வாக்கை வாபஸ் வாங்க முடியாது. அப்படி ஒரு மனு போட எங்கள் ஆபீஸில்கூட வழியில்லை.

மரம் அப்படித்தான் ஏழரை வருஷம் ஜாமீனில் நின்றது. திராட்சை பழுக்கிற சமயத்தில் மச்சான் ஓரத்துப் பந்தலுக்கு மட்டும் வலை போட்டார். நான் சனிக்கிழமைதோறும் இலை வைத்தேன். ஸ்கூட்டர் போய் பைக் வந்தது, கோலம் மாறவில்லை.

ரெண்டாயிரத்து ஒன்பதில் சனி பெயர்ந்தார். கடகத்துக்கு ஏழரை முடிந்தது. எனக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. மரமும் அந்தக் கோடையிலேயே நோயாளியாகிவிட்டிருந்தது. பஞ்சாயத்தில் தெருச் சாக்கடை கட்டியதும், குளியலறைக் குழாயைத் திருப்பி அதில் விட்டுவிட்டோம். மழையும் ஏமாற்றியது. இலை மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் தினமும் நாற்காலி போட்டு அதனிடம் ஆறுதலாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மச்சான் வந்தார். கோடாலியைத் தேடிய என் கண்ணுக்கு, கையில் இருந்த இலை கொஞ்ச நேரம் தெரியவில்லை.

“என்ன மச்சான், ஒங்களுக்குத்தான் விட்டுருச்சே?”

“எனக்கு விட்டுருச்சு மாப்ள. பொண்ணு துலாம் ராசி. என்னிய விட்டு எறங்குன அன்னைக்கே அவளப் புடிச்சிருச்சு.” கோயம்புத்தூர் ஹாஸ்டலில் படிக்கிற பெண். “அவ அங்கன எங்கிட்டுப் போயி காக்காவத் தேடுவா? அதேன் அவளுக்குப் பதிலா நாந்தேன்.”

சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்க நான் பட்ட பாடு பெரிது. ஒரு தகப்பனின் கவலைக்கு ஏற்ற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, வழக்கம்போல இலையை வாங்கக் கையை நீட்டினேன். அவர் அதற்குள் குனிந்து மரத்தடியில் தானே வைத்துவிட்டார். அவர் கையை எடுக்கவில்லை, அதற்குள் ஒரு காக்கா அவர் காலுக்குப் பக்கத்தில் இறங்கி உருண்டையைத் தூக்கியது. இன்னொன்று வந்தது. யாரும் கத்தவில்லை, தலையில் தட்டவில்லை.

மச்சான் நிமிர்ந்தார். “மாப்ள, இனிமே ஒங்களுக்கு இங்கன சோலி இல்ல. ரிட்டயர்டு.”

அப்புறம் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். காலடியில் கிடந்த மஞ்சள் இலையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார்.

“என்ன மாப்ள இப்பிடிக் காஞ்சு நிக்கிது? தண்ணி கிண்ணி ஊத்துறீகளா, இல்ல பேசிக்கிட்டே இருக்கீகளா?”

“பேசிக்கிட்டுத்தேன் இருக்காக” என்றாள் என் மனைவி உள்ளேயிருந்து.

மச்சான் தலையில் அடித்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனார். கொஞ்ச நேரத்தில் திராட்சைக்குப் போட்டிருந்த சொட்டுநீர்க் குழாயிலிருந்து ஒரு கிளையை வேலிக்கு அடியில் நுழைத்து, இழுத்துக்கொண்டு வந்து அத்தி மரத்தின் தூரில் சுற்றினார். “இன்னும் ஏழரை வருசம் தாங்கணும்ல” என்று என்னிடம் சொல்லவில்லை, மரத்திடம் சொன்னார். நான் நாற்காலியை ஓரமாக நகர்த்திக்கொண்டேன், கால் நனைந்தது.